இடது பக்கக் கைப்பிடி

2 ஜூலை 2007, திங்கள்

புழுக்கம். காத்து சுத்தமா இல்ல. மதியம் பூரா கரண்ட் கட்.

இன்னிக்குச் செய்ய நினைச்சது: சமையல் ஷெல்ஃபுக்குப் புதுப் பேப்பர், கேஸ் புக் பண்றது, யாழுவோட யூனிஃபார்ம் பட்டன். செஞ்சது: பேப்பர் மட்டும். அதுவும் பாதி.

எல்.கே.ஜி. மிஸ் டைரியில சிவப்பு மையில எழுதி அனுப்பியிருக்காங்க. ‘குழந்தை இடது கையால் எழுதுகிறாள். வீட்டில் பழக்கவும்.’ கையெழுத்துப் போட்டுட்டேன். சாயங்காலம் யாழு படம் வரையறப்ப கிரேயானை அந்தக் கையிலேர்ந்து எடுத்து இந்தக் கையில வச்சேன். அடுப்பைப் பாத்துட்டு வந்தா கிரேயான் பழைய கைக்கே போயிருக்கு. அப்பன் பொண்ணு.

இவரும் அப்படித்தான். சாப்பிடறது, எழுதறது, கும்பிடறது எல்லாம் வலது. சின்ன வயசுல அடிச்சு மாத்தினதாம். ஆனா எதையாவது எறியணும்னா இடதுதான் முந்திக்கும். பந்து, கல்லு, கல்யாணமான புதுசுல என் மேல தலகாணி.

ஷெல்ஃப்ல பழைய பேப்பரை உரிச்சா அடியில காலண்டர் தாள். ஒண்ணோட முதுகுல பென்சில் படம். உருண்டையா ஒரு டப்பா, பக்கவாட்டுல கைப்பிடி, மேல ஒரு பொத்தான். அம்புக்குறி போட்டு ‘கட்டைவிரல் இங்க’ன்னு அவர் கையெழுத்து.

அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்துது. பழைய துறைமுகப் பாலத்துல ஒரு பிரெஞ்சுக்காரர் இவர்கிட்ட தன் தூண்டிலைக் குடுத்து ஒரே ஒரு தடவை வீசச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து சோறு ஆறிப்போறது தெரியாம பேசினார். “நம்ம ரீல் மாதிரி கம்புக்குக் கீழ தொங்கல வசு. மேல உக்காந்திருக்கு. நூலை விடறதும் கட்டைவிரல், நிறுத்தறதும் கட்டைவிரல். கட்டைவிரல்ல கண்ணு இருக்கணும்.” ஒரு நாள் வாங்கணும்னார். தாள்ல வரைஞ்சு காட்டினார். நான் அதை ஷெல்ஃபுக்குப் போட்டிருக்கேன்.

அப்படிப் பேசின மனுஷன் இன்னிக்கு சாப்பாட்டுல பேசினது: “மோர் இருக்கா.”

காரணம் நான்தான். சுனாமி வந்த ஞாயிறு காலையில இவர் செல்வராசுவோட கரையில இருந்தார். செ. பள்ளிக்கூடத்துலேர்ந்து சிநேகிதம், குப்பத்துக்காரர். ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேரும் தூண்டிலோட ஒண்ணா. படகு ஒண்ணு தூக்கி அடிச்சு இவர் கை கிழிஞ்சுது. செ.தான் தலைமுடியைப் பிடிச்சு இழுத்துட்டு மேட்டுக்கு ஓடினார். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில தையல் போட்டு, கட்டோட வீட்டுக்கு வந்தவரை நான் உக்காரக்கூட விடல. பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு, அவர் கையைப் பிடிச்சு அவ தலையில வச்சேன். இனிமே கடக்கரைப் பக்கமே போக மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. பண்ணினார்.

அன்னியிலேர்ந்து போகல. பீச் ரோட்டுக்குக் காத்து வாங்கக்கூட இல்ல. செ. புதுப் படகு தள்ளறப்ப வீடு தேடி வந்து கூப்பிட்டார். அதுக்கும் போகல. அதோட அவங்க பேச்சும் நின்னுபோச்சு. தூண்டில் கம்பு கட்டிலுக்கு அடியில.

நான் வில்லியனூர்ப் பக்கம் வயக்காட்டு வீட்டுப் பொண்ணு. எனக்குத் தண்ணின்னா கெணறு, வாய்க்கா. பயந்தது தப்பில்ல. பயத்தைத் தூக்கிக் குழந்தை தலையில வச்சிருக்க வேணாம்.

அந்த ரீலை வாங்கணும். குடுத்துட்டு, போய்ட்டு வாங்கன்னு நானே சொல்லணும். ஆடி பொறக்கறதுக்குள்ள.

4 ஜூலை, புதன்

வெயில் கொளுத்துது. யாழுவை ஸ்கூல்ல விட்டுட்டு பிரௌசிங் சென்டர். காலேஜ் முடிச்சப்புறம் இன்னிக்குத்தான் உள்ள நுழையறேன். பக்கத்துத் தடுப்புல ஒரு பொண்ணு ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு யாரையோ விரட்டுது: “முதல்ல கேமராவை உன் மூஞ்சிக்குத் திருப்பு. ஃபேனையே எத்தனை நாழி பாக்கறது.”

படிச்சதுல மனசுல நின்னது:

— பேரு பெய்ட்காஸ்டிங் ரீல். பழக நாளாகும். பழகிட்டா வேற எதையும் தொட மாட்டாங்களாம்.

— வீசினதும் சக்கரம் ஓடும். தூண்டில் முனை தண்ணியில விழறப்ப கட்டைவிரலால அழுத்தணும். அழுத்தலைன்னா சக்கரம் மட்டும் ஓடிக்கிட்டே இருந்து நூல் உள்ளேயே சிக்கிக்கும். அந்தச் சிக்குக்கு அவங்க வச்ச பேரு குருவிக்கூடு.

— காந்த பிரேக் இருக்கறது புதுசா பழகறவங்களுக்கு நல்லது. திருகி வச்சா சக்கரம் அடங்கி ஓடும்.

— பேரிங் இத்தனை, அத்தனைன்னு டப்பாவுல போட்டிருக்கறதை நம்பி வாங்கக் கூடாது. (குக்கர் விளம்பரம் மாதிரிதான் போல.)

— முதல் ரீல் ரொம்ப விலையா வேணாம். ரொம்ப மட்டமும் வேணாம், மட்டத்துல பழகினா ரீல் மேல இருக்கற கோபத்துல ஆளு விட்டுடுவாராம்.

— உப்புத் தண்ணின்னா உலோகத்துல வாங்கு. வந்ததும் நல்ல தண்ணியில கழுவு.

— லெஃப்ட் ஹேண்ட், ரைட் ஹேண்ட்னு தனித்தனியா வருது. சாதா ரீல் மாதிரி கைப்பிடியைக் கழட்டி மாத்த முடியாது. வாங்கறப்பவே பாத்து வாங்கணும்.

இதைப் படிச்சதும் எனக்கு ஒரு பெருமை. வேற யாரா இருந்தாலும் மறந்திருப்பாங்க. நான் மறக்கல. இவருக்கு லெஃப்ட். கீழ இன்னும் ஏதோ பத்தி இருந்துது, “கவனிக்க”ன்னு தடிச்ச எழுத்துல. அதுக்குள்ள சென்டர் அண்ணன் தலையை நீட்டி, “டைம் ஆச்சும்மா, இன்னொரு அரை மணி போடவா?” வேணாம்னுட்டேன். ஸ்கூல் விட்டுடும்.

6 ஜூலை, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்ல. டியூஷன் எடுத்துச் சேத்து வச்ச பணத்தை எடுத்துக்கிட்டுப் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கற வலைக்கடைக்கு. நைலான் வாசனை. ஈயக்குண்டு, மிதவை, கயிறு. பொம்பளைங்க யாரும் இல்ல.

“வலையா நூலாம்மா?”

“ரீல்.”

“பட்டம் விடறதுக்கா?”

“மீன் பிடிக்கறதுக்கு. கம்புக்கு மேல உக்காருமே, அந்த ரீல்.”

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்தார். “யாருக்கு?”

“வீட்டுக்காரருக்கு.”

“வீட்டுக்காரருக்கு மீன் வேணும்னா மார்க்கெட்டுக்கு முன்பக்கம் இருக்கும்மா. இந்தப் பக்கம் வந்தா செலவுதான்.”

ஈயக்குண்டு எடை போட்டுக்கிட்டிருந்த பெரியவர் அதுக்கு மேல: “அந்த மிஷின் காசுக்கு வஞ்சிரம் வாங்கினா தெருவுக்கே கொழம்பு வக்கலாம். ஆனா மிஷின்ல பிடிச்ச மீனுக்கு ருசி ஜாஸ்தி. எப்பவாச்சும்தானே கிடைக்குது.” ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன்.

மேல் தட்டுலேர்ந்து தூசி தட்டி எடுத்தது மூணு தினுசு.

தட்டையா சைனா ஒண்ணு. எழுநூறு. கைப்பிடி கடகடன்னு ஆடுது. கோபத்துல விட்டுடற ரகம்.

பெரிய உருண்டை, முழுக்க உலோகம். படத்துல இருக்கறதேதான். விலையைக் கேட்டதும் மெதுவா கீழ வச்சேன்.

சின்ன உருண்டை, கொரியா. காந்த பிரேக் உண்டு. கைப்பிடி ஆடல. பொத்தானை அழுத்தினா சக்கரம் சத்தமே இல்லாம சுத்துது. ஆயிரத்து முன்னூறு. இதுல கைப்பிடி வலது பக்கம் இருக்கறது ஒண்ணு, இடது பக்கம் இருக்கறது ஒண்ணு.

“அவருக்கு இடது கைப் பழக்கம்,” என்றேன்.

கடைக்காரர் முகம் மலர்ந்துது. “பீச்சாங்கை ஆளா? அப்பச் சரி. இதை வாங்கி வச்சதுலேர்ந்து ஒருத்தனும் தொடல. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்குது. நூறு கம்மியா குடுங்க.”

“இடது கைக்காரங்களுக்கு இதுதானே? நிச்சயமாத் தெரியுமா?”

“ஏம்மா, மாவாட்டறீங்க. குழவியை எந்தக் கையால சுத்துவீங்க? பழகின கையாலதானே? சுத்தறதுக்குத்தானே பலம் வேணும்.”

“இப்ப யாரு குழவி சுத்தறா, கிரைண்டர்தான்.”

“கிரைண்டர் சுவிட்ச்சை எந்தக் கையால போடுவீங்க?”

நியாயமாத்தான் பட்டுது. எனக்கும் அதே கணக்கு. வாங்கிட்டேன். நூலும் அங்கேயே சுத்திக் குடுத்தார்.

வீட்டு வாசல்ல கீழ் வீட்டு மதாம். வீட்டுக்கார அம்மா, பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்து செத்துப்போன புருஷனோட பென்ஷன். பையில என்னன்னு கேக்காம விட மாட்டாங்க. டப்பாவைத் திருப்பி நாலஞ்சு பாஷையில பிரெஞ்சை மட்டும் தேடிப் பிடிச்சு உரக்கப் படிச்சாங்க. “மனிவெல் அ கோஷ். கைப்பிடி இடது பக்கம். சரியாத்தான் வாங்கியிருக்க.” அப்புறம் படியேறறப்ப கூப்பிட்டு, “கோஷ்னா இடது மட்டும் இல்ல வசந்தி. கோணல்னும் அர்த்தம். கான்வென்ட் தையல் கிளாஸ்ல என் நூல் கோணினா கன்னியாஸ்திரீ மா ஸேர் அப்படித்தான் திட்டுவாங்க.”

துவரம்பருப்பு டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன்.

8 ஜூலை, ஞாயிறு

இன்னும் குடுக்கல. யாழுவுக்கு நேத்து ராத்திரியிலேர்ந்து காய்ச்சல். சிரப் குடுத்தேன். நெத்தி சுடுது, காலு ஜில்லுன்னு.

மனசு எங்கெங்கயோ போகுது. ரீல் வீட்டுக்குள்ள வந்த ரெண்டாம் நாள் காய்ச்சல். பி.எஸ்ஸி. படிச்சவதான் நான், வைரஸ்னு தெரியும். கிளாஸ்ல பாதிப் புள்ளைங்களுக்குக் காய்ச்சல்னும் தெரியும். ஆனா சத்தியம் பண்ணினது யாழு தலையில. பண்ண வச்சவளே அதை மீறச் சொன்னா யாரு தலையில விழும்?

மதாமைக் கேட்டேன், சத்தியத்தை மீறினா உங்கள்ல என்ன பண்ணுவீங்க? “நாங்களா? சர்ச்சுல சாமியார்கிட்ட சொல்லிட்டு, அவர் சொல்ற ஜெபத்தை சொல்லிட்டு, வர்ற வழியில பொலாஞ்சேரில ரொட்டி வாங்கிட்டு வந்துடுவோம்.”

நான் மஞ்சத் துணியில ஒரு ரூபாய் முடிஞ்சு சாமி படத்துக்கு முன்னால வச்சேன். ஆத்தா, அவர் பண்ணின சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கறேன். குத்தம்னா என்னோட.

மதியம் காய்ச்சல் கொஞ்சம் விட்டுது. யாழு ஸ்கூல் நோட்டை எடுத்துட்டு வந்து அப்பாகிட்ட காட்டினா. கடல் வரையச் சொன்னாங்களாம். வட்டமா வரைஞ்சு, உள்ள நீலம் அடிச்சு, பக்கத்துல ஒரு வாளி.

“இது கெணறுடா,” என்றார்.

“கடல். நான் பாத்ததில்லல்ல. அப்பா, கடல் எந்தப் பக்கம் இருக்கு?”

உப்பளத்துல குடியிருக்கோம். காத்து திரும்பினா துணியெல்லாம் உப்பு வாசனை. நாலு வயசாகுது, என் பொண்ணு கடலைப் பாத்ததில்ல. அவரைத் தடுத்தேன்னு மட்டும்தான் இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

“கெழக்கால,” என்றார். அவ்வளவுதான். எழுந்து போய் ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார். நேத்துதான் துடைச்சார்.

14 ஜூலை, சனி

பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரங்க தேசிய நாள். மதாம் காலையிலேயே பட்டுப்புடவை, நெஞ்சுல புருஷனோட மெடல். தூரத்துல பேண்டு. யாழு மதாம் குடுத்த மூணு கலர் கொடியை வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கினா. இடது கையில. காய்ச்சல் சுத்தமா போயிடுச்சு.

இன்னிக்குக் குடுத்துட்டேன்.

அவருக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டு உக்காந்திருந்தார். டப்பாவை மடியில வச்சேன். முதல்ல காலண்டர் தாளைக் குடுத்தேன். பாத்தார். அப்புறம் டப்பாவைத் திறந்தார்.

உள்ளங்கையில வச்சு நிறுத்துப் பாத்தார். பொத்தானை அழுத்தி சக்கரத்தை ஓட விட்டுக் காதுகிட்ட வச்சார். அந்த முகத்தை எத்தனை நாளாச்சு பாத்து.

“போய்ட்டு வாங்க,” என்றேன். எத்தனையோ சொல்ல யோசிச்சு வச்சிருந்தேன், இதுதான் வந்துது. “நான் அன்னிக்குச் சொன்னதெல்லாம் விட்டுடுங்க.”

குனிஞ்சு கட்டிலுக்கடியிலேர்ந்து கம்பை இழுத்தார். ஒட்டடையைத் துடைச்சு ரீலை மேல வச்சுத் திருகினார். எழுந்து நின்னு, வீசற மாதிரி இடது கையால ஓங்கினார். அப்படியே நின்னுட்டார். கைப்பிடியைப் பாத்தார். கம்பை வலது கைக்கு மாத்தினார். திரும்ப இடதுக்கு.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. நல்ல ரீலு.”

“சொல்லுங்க.”

“வீசற கையிலயேதான் கம்பு இருக்கணும் வசு. மத்த கையால சுத்தணும். நான் வீசறது இடது. அப்ப கைப்பிடி வலது பக்கம்ல இருக்கணும்?”

எனக்குப் புரியல. திரும்பச் சொன்னார். வலது கையால வீசறவனுக்குத்தான் இடது பக்கக் கைப்பிடி தோதாம். அவருக்கு வேண்டியது எல்லாருக்கும் விக்கற சாதா வலதாம். அது அங்கேயே இருந்துது. பக்கத்துல. தொட்டுப் பாத்து வேணாம்னு தள்ளி வச்சேன்.

அவர் சிரிச்சார். கோபமா சிரிச்சிருந்தா தேவலை. “சோத்தாங்கையால சாப்புடுன்னு எங்கப்பா அடிச்சாரு. சோத்தாங்கையால எழுதுன்னு வாத்தியார் அடிச்சாரு. வீசறது ஒண்ணுதான் மிச்சம் இருந்துது. அதையும் நீ மாத்திட்ட.”

விளையாட்டாத்தான் சொன்னார். யாழுகூட சிரிச்சா. நான் பாத்திரம் கழுவப் போய்ட்டேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

அந்த அரை மணிக்குக் காசு குடுத்திருந்தா கீழ இருந்த பத்தியைப் படிச்சிருப்பேன்.

15 ஜூலை, ஞாயிறு

காத்து ஏறியிருக்கு. மொட்டைமாடியில மதாமோட மிளகா காயுது.

அவர் நூல் முனையில தூண்டில் முள்ளுக்குப் பதிலா ஒரு நட்டைக் கட்டி வீசிப் பழகினார். வலது கையால. அஞ்சாவது தடவை சக்கரம் கர்ர்ருன்னு ஓடி, மொத்த நூலும் உள்ளேயே பொங்கிடுச்சு. குருவிக்கூடு. பேரு தெரிஞ்சிருந்து என்ன பிரயோஜனம்.

மூணு பேரும் உக்காந்து சிக்கெடுத்தோம். யாழு சின்ன விரலால ஒவ்வொரு சுருக்கா உருவினா. எங்க ரெண்டு பேரையும் விட வேகமா. இடது கைதான். “அந்தக் கையால எடும்மா”ன்னு பழக்கதோஷத்துல சொல்லிட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பாத்தார். திரும்ப நூலைப் பாத்தார்.

“நாளைக்கு இதைக் குடுத்துட்டு வலது வாங்கிட்டு வரேன்,” என்றேன். “சத்தியத்துக்கும் பயப்படாதீங்க. காசு முடிஞ்சு வச்சிருக்கேன். குத்தம்னா அது என்னோட.”

“எந்த சத்தியம்?”

“யாழு தலையில பண்ணினது.”

“அது சேராது வசு.”

“என்ன சேராது?”

நூலை உருவிக்கிட்டே சொன்னார். “அன்னிக்கு சோத்தாங்கையிலதான் கட்டுப் போட்டிருந்துது. நீ புடிச்சு வச்சது இந்தக் கை.” இடது கையைத் தூக்கிக் காட்டினார். “பீச்சாங்கையில அடிச்ச சத்தியம் எந்த ஊர்ல சேரும்? அன்னிக்கே தெரியும் எனக்கு.”

மிளகா நெடி. கண்ணு எரிஞ்சுது.

“அப்ப ஏன் போகல?”

“நீ பயந்தது நெஜந்தானே. கை மாறினா அது மாறிடுமா?”

“செல்வராசு அண்ணன் படகு தள்ளறப்பவாவது...”

“போனேன்.”

“எங்க?”

“தேரடி வரைக்கும். அங்கேர்ந்தே மாலை போட்ட படகு தெரிஞ்சுது. கால் அதுக்கு மேல போகல. திரும்பி வந்து உன் மூஞ்சியைப் பாக்கணுமே.”

நான் பூட்டினேன்னு நினைச்சேன். பூட்டே விழல. தொறந்த கதவுக்கு இந்தப் பக்கம் அவரா உக்காந்திருந்திருக்கார், எனக்காக. நான் அதுக்கு உம்முனு இருக்கறார்னு பேரு வச்சேன்.

17 ஜூலை, செவ்வாய்

ஆடி ஒண்ணு. புழுதிக் காத்து.

வலைக்கடை. “நூல் சுத்தியாச்சேம்மா. எப்படித் திரும்ப எடுக்கறது?” வலதையாவது வேற காசுக்குக் குடுங்கன்னேன். அது முந்தாநாள் வித்துப்போச்சாம், ஒரு வெள்ளைக்காரருக்கு. “அவரும் பீச்சாங்கைதாம்மா. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துது.”

“என்கிட்ட குழவிக்கல்லு கதையெல்லாம் சொன்னீங்களே?”

“நீங்களும் தலையை ஆட்டினீங்களேம்மா.”

ஆட்டினேன்தான்.

சாயங்காலம் இவர்கிட்ட, செல்வராசு அண்ணனைப் போய்ப் பாருங்களேன்னேன். படகை வித்துட்டுக் கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டாராம். போன மாசம். யாரோ சொல்லிக் கேள்வி. போகறப்ப இவர்கிட்ட சொல்லிக்கல.

போன மாசம் நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்? வடாம் போட்டுக்கிட்டிருந்தேன்.

20 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கூழ் வாசனை தெரு பூரா. நான் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். செ. சம்சாரம் அஞ்சலை முன்ன உக்கார்ற இடத்துலயேதான் உக்காந்திருந்தா. ரெண்டரை வருஷமா நான் அந்த வரிசைக்கே போறதில்ல, அடுத்த வரிசையில வாங்கிட்டு வந்துடுவேன். ஆடி வெள்ளியில பாதிக் கூடை காலியாகல.

“யாரு, வசந்தி அக்காவா? மீன் துன்றதை வுட்டுட்டீங்கன்னு நெனச்சேன்.”

“அண்ணன் நம்பர் வேணும் அஞ்சலை.”

“எதுக்கு? அவர்கிட்டயும் சத்தியம் வாங்கறதுக்கா?”

பக்கத்துக் கூடைக்காரி திரும்பிப் பாத்தா. நான் நின்னேன். வேற என்ன பண்றது.

“படகு தள்ன அன்னிக்கு தேங்காயைக் கையில வச்சுக்கினு எவ்ளோ நேரம் நின்னாரு தெரியுமா,” என்றாள். கத்தி மீன்லயேதான் இருந்துது. “உங்க வூட்டுக்காரரு கொமரன் வந்துதான் ஒடைக்கணும்னு. கரையில எல்லாரும் திட்டறாங்க, நல்ல நேரம் போவுதுன்னு. கடைசியில நான்தான் ஒடச்சேன்.”

“அவர் தேரடி வரைக்கும் வந்தாராம்.”

கத்தி நின்னுது. “யாரு சொன்னா?”

“அவரே. அங்கேர்ந்து பாத்துட்டுத் திரும்பிட்டாராம். என்னாலதான்.”

முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு நம்பரைச் சொன்னா. எழுதிக்கிட்டேன். “ராத்திரியில போடச் சொல்லுங்க, பகல்ல போட்ல இருப்பாரு.” அப்புறம் கூடையிலேர்ந்து கெழங்கான் நாலு எடுத்துப் பையில போட்டா. “வெள்ளிக்கெழமைன்னு பாக்காதீங்க. நாளைக்குப் புள்ளைக்கு ஆக்கிக் குடுங்க. முள்ளு உறுத்தாது.” காசு குடுத்தேன், வாங்கல.

நம்பரை அவர் சட்டைப் பையில வச்சேன். எடுத்துப் பாத்தார். மடிச்சு வச்சார். போன் பண்ணல.

21 ஜூலை, சனி

ஒண்ணுமில்ல. கெழங்கான் வறுவல். யாழு ரெண்டு தடவை கேட்டு வாங்கினா. எல்.கே.ஜி. டைரியில மிஸ்ஸுக்கு எழுதினேன்: ‘அவள் எந்தக் கையால் எழுதினாலும் எங்களுக்குச் சம்மதம்.’ ‘எங்களுக்கு’ன்னு எழுதறதுக்கு முன்னால அவர்கிட்ட காட்டினேன். படிச்சுட்டு, பேனாவை வாங்கி, கீழ அவரும் கையெழுத்துப் போட்டார். இடது கையால. கோழி கிண்டின மாதிரி.

ராத்திரி மாடியில அவர் பேசற சத்தம் கேட்டுது. போன்ல. என்ன பேசினாங்கன்னு தெரியல. கீழ வந்து, “அவனுக்கு அங்க சோறு ஒத்துக்கலையாம்,” என்றார். கண்ணு செவந்திருந்துது. “எப்ப வருவாராம்?” “தெரியாதுன்றான்.”

22 ஜூலை, ஞாயிறு

காலையில தூறல், அப்புறம் விட்டுது. சாயங்காலம் காத்து.

மூணரை மணி இருக்கும், கம்பை எடுத்தார். நட்டைக் கழட்டி முள்ளு கட்டினார். கடைசியில ஒரு வழி கண்டுபிடிச்சுட்டார்: இடது கையால வீசறது, முள்ளு விழுந்ததும் கம்பை வலது கைக்கு மாத்தறது, அப்புறம் இடதால சுத்தறது. ஒரு கை கூடுதல் வேலை. “சர்க்கஸ்தான்,” என்றார். “பழகிடும். செல்வராசு பாத்தா கேலி பண்ணுவான்.” அப்புறம் செல்வராசு பாக்கறதுக்கு இங்க இல்லைன்னு ஞாபகம் வந்த மாதிரி ரீலைத் துடைச்சார்.

செருப்பு மாட்டிக்கிட்டு என் முகத்தைப் பாக்காம கேட்டார். “யாழுவுக்குக் கடலைக் காட்டிட்டு வரட்டுமா? பாலத்துக்கு வேணாம். மணல்லயே நிக்கறோம்.”

நீயும் வான்னு கூப்பிடல. கூப்பிட்டிருந்தா போயிருப்பேனான்னும் தெரியல. கடக்கரையில கால் வைக்கற பழக்கம் எனக்கு இனிமேதான் வரணும்.

“பாத்து,” என்றேன். வேற எதுவும் கேக்கல. எதுலயும் கை வைக்கச் சொல்லல.

தூண்டில் அவர் இடது கையில. வலது கை சும்மா இருந்துது. யாழு ஓடிப்போய் அவ இடது கையை அதுக்குள்ள குடுத்தா. தெருமுனை வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தேன். கிழக்கால திரும்பினாங்க.

மதாம் கீழேர்ந்து, “எங்க கிளம்பிட்டாங்க ரெண்டு பேரும்?” “கடலுக்கு.” “போன் ப்ரொம்னாத்.” நல்லா உலாத்திட்டு வரட்டும்னு அர்த்தமாம்.

மஞ்சத் துணியை அவிழ்த்தேன். காசு கறுத்திருந்துது. உண்டியல்ல போடறதா, சேராத சத்தியத்துக்குக் காசும் சேராதான்னு யாரைக் கேக்கறது. திரும்ப முடிஞ்சு வச்சிருக்கேன்.

கழுவறதுக்கு ஒரு குண்டான்ல நல்ல தண்ணி பிடிச்சு வச்சாச்சு. ரீலுக்கு. பக்கத்துல யாழு காலுக்கு இன்னொரு குண்டான்.

விளக்கு வைக்கற நேரம். எப்ப வருவீங்கன்னு கேக்கல.